வாய்விட்டுச் சொல்ல வேண்டிய பெயர்

பேரம் பேசுவதற்கென்று ஒரு இருப்பு வேண்டும். ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் கால்குலேட்டர் இருக்க வேண்டும், வந்தவர் நின்றுகொண்டிருக்க வேண்டும். சம்பெங் சந்தில் பொத்தானும் ஜிப்பும் மொத்தமாக விற்கும் மொட் இதைப் பல் முளைத்த நாளிலிருந்து அறிவாள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை, பாங்காக்கின் ஒரு கருத்தரிப்பு மையத்தில், மேசைமேல் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் தாங்கியில் தூக்கி வைத்து, டாக்டர் சொன்னபடி தண்ணீரைக் குடித்துக் குடித்து மூத்திரப் பையைப் பலூன் மாதிரி நிரப்பிக்கொண்டு, தன் வாழ்க்கையின் மிகப் பெரிய பேரத்தை அவள் பேச வேண்டியதாயிற்று. எதிரே நின்றவள் வாங்க வந்தவளும் இல்லை, விற்க வந்தவளும் இல்லை. சுகாதாரத் துறையிலிருந்து தரம் பார்க்க வந்த அதிகாரி.

ஆரம்பம் என்னவோ சாதாரணமாகத்தான் இருந்தது.

“முழுப் பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க அக்கா” என்றாள் நர்ஸ்.

“தன்யரத்” என்று தொடங்கி, குடும்பப் பெயரையும் தேதியையும் சேர்த்துச் சொன்னாள் மொட். புதுப் பெயர். வாயில் இன்னும் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

நர்ஸ் சுவரில் ஜன்னல் மாதிரி இருந்த சின்னக் கதவைத் தட்டக் கையை நீட்டினாள். கதவுக்கு அந்தப் பக்கம் லேப். அங்கேதான், கண்ணாடித் தட்டில், கதகதப்பான சொட்டுத் திரவத்துக்குள், மொட்டின் கரு காத்திருந்தது. காலையில்தான் அதை உறைநிலையிலிருந்து எடுத்து உருக்கியிருந்தார்கள்.

“ஒரு நிமிஷம்” என்றாள் அதிகாரி. பெயர் ஒராசா. பச்சை அங்கியின் கழுத்துக்கு மேலே காக்கிச் சட்டையின் காலர் தெரிந்தது. திங்கட்கிழமையென்றால் அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு அந்தக் காக்கியிலிருந்து தப்ப முடியாது. “இந்தக் கருவை உறைய வெச்சது எந்தப் பேர்ல?”

“பழைய பேர்ல” என்றார் டாக்டர் பவின். கையுறையை மாட்டிக்கொண்டு, தயாராக நின்றிருந்தார். “போன மாசம் பேர் மாத்திக்கிட்டாங்க. புது அடையாள அட்டைய ரிசப்ஷன்ல காட்டியாச்சு. எல்லாம் சரியா இருக்கு.”

“பேர் மாத்தினது தப்பே இல்ல டாக்டர். எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் மாத்தினவங்கதான், எங்க டைரக்டர் ரெண்டு தடவை மாத்திட்டார். ஆனா எந்தப் பேர்ல உறைய வெச்சாங்களோ, அந்தப் பேரையும் அவங்க தன் வாயால சொல்லணும். யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அதுக்கப்புறம்தான் இந்தக் கதவு திறக்கணும். புது விதி.”

எல்லோரும் மொட்டைப் பார்த்தார்கள்.

“சொல்ல முடியாது” என்றாள் மொட்.

காரணம் இல்லாமல் இல்லை. முதல் இரண்டு கருக்களும் நிலைக்காமல் போன பிறகு, புருஷன் ஹெங்கின் அத்தை சொல்லி, ஒரு ஜோசியரைப் போய்ப் பார்த்தாள். அவர் பழைய பெயரைக் காகிதத்தில் எழுதச் சொல்லி வாங்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். சாயங்காலத்தில் பூக்கும் பூவின் பெயர் அது. “சாயங்காலம் பூக்குற பேரை வெச்சுக்கிட்டுக் காலையில போய்க் கதவைத் தட்டினா யாரும்மா திறப்பா?” என்றார். புதுப் பெயர் கொடுத்தார். அதை ஆபீஸில் மாற்றிப் பதிவதற்கு ஒரு கிண்ணம் நூடுல்ஸ் தின்னும் நேரம்கூட ஆகவில்லை. ஆனால் ஜோசியர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வயிற்றில் பிள்ளை உறுதியாகும்வரை பழைய பெயர் அவள் வாயிலிருந்து வரக் கூடாது. வந்தால், கூப்பிட்டதென்று நினைத்துக்கொண்டு பழைய ராசியும் திரும்பி வந்துவிடும்.

மொட் இதை முழுசாக நம்பினாள் என்று சொல்ல முடியாது. கடைக் கல்லாவில் அதிர்ஷ்டத்துக்கென்று ஒட்டியிருக்கும் சிவப்புக் காகிதத்தையும் அவள் முழுசாக நம்பியதில்லை. அதற்காக அதைக் கிழித்துப் போட எந்த வியாபாரிக்குத் தைரியம் வரும்? அதுவும் இப்போது, மீதி இருப்பது ஒன்றே ஒன்று என்னும்போது. இனிமேல் அவள் உடம்பிலிருந்து முட்டை எடுப்பதற்கில்லை என்று டாக்டர் போன வருஷமே கையை விரித்துவிட்டார். தட்டில் இருப்பதுதான் கடைசிச் சரக்கு.

“எழுதிக் காட்டட்டுமா?” என்றாள் மொட். பேரத்தை எங்கே தொடங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், பாதியில்.

“வாயால” என்றாள் ஒராசா.

“சரி, முதல் பாதிய நான் சொல்றேன். மீதிய நர்ஸ் சொல்லட்டும்.”

“முழுசா. நீங்களே.”

“புருஷன் சொன்னா?”

“யார் வயித்துக்குள்ள வைக்கப் போறாங்க?”

“அவரைக் கூப்பிடுங்க, அப்புறம் பேசலாம்” என்றாள் மொட். வாடிக்கையாளர் மசியாதபோது கடைக்குள்ளிருந்து இன்னொரு ஆளைக் கூப்பிடுவது வழக்கமான வேலைதான்.

ஹெங் வந்தான். வலைத் தொப்பி, நீலக் காலுறை, கழுத்தில் அத்தனை தாயத்துக்கள். மனைவியின் கால்கள் நிற்கும் திசையைப் பார்க்காமல் தலைமாட்டுக்குப் பக்கவாட்டாக நடந்து வந்தான்.

“என்ன மொட், வெச்சாச்சா?”

“வெக்கலை. பழைய பேரைச் சொல்லுன்றாங்க.”

“ஐயையோ” என்றான் ஹெங். அதிகாரியின் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினான். “அம்மா, நான் சொல்றேன்மா. எனக்கு அந்தப் பேர் அவ்வளவா வராது, நான் அவளை மொட்னுதான் கூப்பிடுவேன், எறும்புன்னு. கல்யாணம் பதிஞ்ச அன்னிக்குத்தான் அவளுக்கு வேற பேர் இருக்குன்னே எனக்குத் தெரியும். ஆனா முயற்சி பண்றேன்.”

“நீங்க சொல்லி பிரயோசனமில்ல. சொல்லவும் கூடாது.”

“அவ சொன்னா பிள்ளை தங்காதும்மா.”

“அவங்க சொல்லலேன்னா பிள்ளையே போகாது” என்றாள் ஒராசா. குரலை உயர்த்தவில்லை. அதுதான் மொட்டுக்குப் பிடிக்காமல் போனது. கத்துகிறவர்களிடம் பேரம் பேசிவிடலாம்.

டாக்டர் பவின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்ப்பதை மொட்டும் பார்த்தாள். உருக்கிய கரு வெளியே ரொம்ப நேரம் தாங்காது என்று காலையில் அவர்தான் சொல்லியிருந்தார். அடிவயிறு இறுகிக் கடுத்தது. மேலே விளக்கு. முதுகுக்குக் கீழே விரித்திருந்த காகிதம் வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

“ஏம்மா இப்படி ஒரு விதி?” என்றாள் மொட். “என் மூஞ்சியப் பாத்தா தெரியலயா, நான்தான்னு? ஏழு வருஷமா வர்றேன் இங்க. வாசல்ல கார் நிறுத்துறவன்லேர்ந்து எல்லாருக்கும் என்னைத் தெரியும்.”

ஒராசா கொஞ்சம் யோசித்தாள். பிறகு மேசைக்கு அருகில் வந்து, மொட்டின் முகத்துக்கு நேரே குனிந்தாள். “எந்த ஊர்னு சொல்ல மாட்டேன். ஒரு நர்ஸ் ஒரு பொண்ணுகிட்ட, நீங்க இன்னார்தானேன்னு கேட்டா. அந்தப் பொண்ணு தலையாட்டினா. அது அவ பேரே இல்ல. வெள்ளைக் கோட்டு போட்டவங்க கேக்கறாங்க, இல்லைன்னு சொன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்குமேன்னு ஆட்டிட்டா. நம்ம ஆளுங்கதான் தெரியுமே. எதிராளி மனசு கோணக் கூடாதுன்னு எதுக்கு வேணா ஆமான்னு சொல்லுவோம். பாதி ஊர் அப்படித்தான் கல்யாணமே பண்ணியிருக்கு.”

“அப்புறம்?”

“அந்தக் குழந்தைக்கு இப்ப நாலு வயசு. ஒரு குழந்தை, ரெண்டு அம்மா, மூணு வக்கீல்.”

நர்ஸ் தரையைப் பார்த்தாள். ஹெங் ஒரு தாயத்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“அதனால நாங்க யாரும் பேரைச் சொல்லி ஆமாவான்னு கேக்கறதில்ல. நீங்கதான் சொல்லணும், லேப்லதான் ஒத்துப் பாக்கணும். உங்க ஜோசியர் சொன்னதை நான் தப்புன்னு சொல்லலை. எனக்கும் ஒருத்தர் இருக்கார்.”

டாக்டர் பவின் இப்போது சிரித்தார். நல்ல சிரிப்பு, விளம்பரப் பலகையில் இருக்கும் சிரிப்பு. “குன் ஒராசா” என்று மரியாதை அடைமொழி போட்டு அழைத்தார். “காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. கீழ நல்ல காபி கிடைக்கும். அஞ்சு நிமிஷம் போய்ட்டு வாங்க. இங்க நான் பாத்துக்கறேன். இவங்களை எனக்குத் தெரியும், கருவையும் தெரியும். சந்தேகமே வேண்டாம். முழுப் பொறுப்பு நான் எடுத்துக்கறேன்.”

ஹெங்குக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா மொட், டாக்டரே சொல்லிட்டார்!”

மொட்டுக்கு முகம் மலரவில்லை. அவளுக்குள் வேறு ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. உடம்பு படுத்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பகுதி ஸ்டூலில்தான் இருந்தது.

கேட்ட விலைக்கு உடனே இறங்குகிற கடையில் அவள் சரக்கு எடுப்பதில்லை. பத்து பெட்டி ஜிப் எடுக்கிறேன், பாதி விலைக்குக் கொடு என்று கேட்டதும் எவனாவது “எடுத்துக்கோ அக்கா” என்றானென்றால், பெட்டியின் அடியைக் கையை விட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும். பல் போன ஜிப்புகள் அங்கேதான் இருக்கும். ஏழு வருஷம் இவர் கட்டணத்தில் ஒரு பாட் இறக்கியதில்லை. இப்போது விதியையே இறக்குகிறார். எனக்காக இவ்வளவு சுலபமாக இறக்கினால், முந்தின வாரம் படுத்திருந்தவளுக்காக எதை இறக்கினார்?

அதோடு அந்த “சந்தேகமே வேண்டாம்”. அந்த வாசகத்தைக் கடையில் தான் எந்தச் சரக்குக்குப் பயன்படுத்துவாள் என்பது மொட்டுக்குத் தெரியும்.

“டாக்டர்” என்றாள். “தட்டுல இருக்கிறது என்னுதுதானே?”

“நிச்சயமா.”

“நீங்க பாத்தீங்களா?”

“லேப்ல பாத்திருப்பாங்க.”

“பாத்திருப்பாங்களா, பாத்தாங்களா?”

“மேடம், நேரம் போய்க்கிட்டிருக்கு” என்றார் டாக்டர். சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் கண்ணிலிருந்து இறங்கி வாயோடு நின்றுவிட்டது. “ரொம்ப யோசிச்சா உடம்பு இறுகும். உடம்பு இறுகினா நல்லதில்ல.”

மொட் அதிகாரியைப் பார்த்தாள். அவள் காபிக்கு நகரவில்லை. இந்த அறையில் எல்லோரும் ஏதாவது ஒரு விலைக்கு வந்துவிட்டார்கள். டாக்டர் வந்தாயிற்று, நர்ஸ் எப்போதோ வந்தாயிற்று, ஹெங் வாசலிலேயே வந்தாயிற்று. இவள் ஒருத்திதான் முதலில் சொன்ன விலையிலேயே நிற்கிறாள். கீழே இறங்க இடமில்லாதவர்கள் நிற்கும் விதம் மொட்டுக்குத் தெரியும். அதற்கு மேல் பேசுவது மூச்சுக்குத்தான் நஷ்டம்.

“ஹெங், காதைப் பொத்திக்கோ” என்றாள்.

“மொட், வேண்டாம்.”

“பொத்திக்கோன்றேன்ல.”

அவன் பொத்திக்கொண்டான். கண்ணையும் மூடிக்கொண்டான்.

“பான்யென்” என்றாள் அவள்.

குடும்பப் பெயர். பிறந்த தேதி. ஒரு மாதமாகப் பல்லுக்குள் பூட்டி வைத்திருந்த பெயர், இவ்வளவுதானா என்பதுபோலச் சுலபமாக வெளியே போய்விட்டது. பிள்ளையின் ராசியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தால்? அந்த எண்ணத்தை அவள் விரட்டினாள். அது போகவில்லை.

ஒராசா தலையசைத்தாள். நர்ஸ் சின்னக் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள். லேபில் கருக்களைக் கையாளும் நட்.

“தட்டுல இருக்கிற பேரைப் படிங்க” என்றாள் ஒராசா.

நட் குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

“படிங்க.”

“தன்யரத்” என்றான்.

காதிலிருந்து கையை எடுத்த ஹெங், எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, “என்ன? என்ன ஆச்சு?” என்றான்.

“இந்தத் தட்டு இன்னிக்குக் காலையில எழுதினதா?” என்றாள் ஒராசா.

“ஆமா. ரிசப்ஷன்ல கம்ப்யூட்டர்ல பேரை மாத்திட்டாங்க. அதான் உருக்கி மாத்தறப்ப புதுப் பேரையே எழுதிட்டேன். அவங்க அதைத்தான் சொல்லுவாங்க, ஒத்துப் போகும்னு...” நட்டின் குரல் தேய்ந்தது. உதவி செய்ததாகத்தான் அவன் நினைத்திருந்தான். பாவம், அவனுக்கும் யார் மனசும் கோணக் கூடாது.

“உறைய வெச்ச ஸ்ட்ராவில இருந்தது பழைய பேர். தட்டுல புதுப் பேர். அங்கேர்ந்து இங்க மாத்தறப்ப உங்ககூட நின்னு பாத்தது யாரு?”

நட் பின்னால் திரும்பி லேபைப் பார்த்தான்.

“யாருமில்லையா?”

“கூட நின்னு பாக்கற நுய் இன்னிக்கு லீவு.”

“இன்னிக்குக் காலையில எத்தனை பேரோடதை உருக்கினீங்க?” என்று மொட்டே கேட்டாள்.

“இன்னொருத்தங்களோடது இருக்கு. உங்களுக்கு அடுத்து.”

“கரு காத்திருக்காது” என்றார் டாக்டர் பவின். இப்போது சிரிப்பு முழுசாகப் போயிருந்தது. “இதெல்லாம் அப்புறம் எழுத்துல பாத்துக்கலாம். தாமதத்துல கரு போச்சுன்னா பொறுப்பு உங்க துறைதான், குன் ஒராசா.”

“சரி, எங்க துறைதான்” என்றாள் ஒராசா. ஆனால் அவள் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்ததை மொட் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கும் பயம் இருக்கிறது. இருந்தும் விலை இறங்கவில்லை. “காலி ஸ்ட்ராவையெல்லாம் எங்க போட்டீங்க?”

“குப்பைத் தட்டுல. இன்னும் கொட்டலை.”

“கொண்டு வாங்க. அப்படியே, தட்டோட. இந்த ஜன்னல்ல வெச்சுப் பாக்கலாம், அவங்க கண்ணு முன்னால.”

“அவங்க கண்ணு முன்னாலயா?” என்றார் டாக்டர்.

“என் கண்ணு முன்னாலதான்” என்றாள் மொட்.

நட் இன்னும் உறைகுளிர் விடாத உலோகத் தட்டோடு வந்தான். அதில் ஈரக் காகிதங்கள், உறைகள், நடுவில் தீக்குச்சியைவிட மெலிந்த இரண்டு பிளாஸ்டிக் குச்சிகள். உறைநிலையில் கரு ஒட்டியிருந்தது அவற்றின் நுனியில்தான். நட் முதல் குச்சியை இடுக்கியால் எடுத்து விளக்குக்குக் காட்டினான். “இது அடுத்தவங்களோடது” என்று பெயரைச் சொல்லாமல் ஒராசாவிடம் நீட்டினான். அவள் படித்தாள்.

“இதுல ரெண்டு கருன்னு போட்டிருக்கு.”

“ஆமா. அவங்களுக்கு ரெண்டு.”

இரண்டாவது குச்சியை எடுத்தான். அதன் பிடியில் வெள்ளையாகப் பனி நீர் படிந்து எழுத்து மறைந்திருந்தது. நட் துடைக்கப் போனான்.

“துடைக்காதீங்க” என்றாள் ஒராசா. “மை அழிஞ்சா?”

ஆகவே காத்திருந்தார்கள். அரசாங்க அதிகாரி, பெரிய டாக்டர், நர்ஸ், தாயத்துப் பிடித்த புருஷன், கால் தூக்கிப் படுத்திருந்த ஜிப் வியாபாரி, எல்லோரும் ஒரு பிளாஸ்டிக் குச்சி உலர்வதற்காகக் காத்திருந்தார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மொட் பார்க்கவில்லை. அவள் அந்த வெள்ளைப் படலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனதுக்குள், ஒரு மாதமாகத் துரத்தியடித்த அதே பெயரை, இருக்க வேண்டும் இருக்க வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அது இல்லாமல் அந்தக் குச்சியில் தன்யரத் என்றிருந்தால்கூட அவளுக்குப் பிரயோசனமில்லை. உறைய வைத்த நாளில் தன்யரத் என்று ஒருத்தி உலகத்திலேயே இல்லை.

பனி உருகி ஒரு சொட்டாக இறங்கியது. நட் குச்சியை மெல்லத் திருப்பினான்.

“கிட்ட கொண்டு வா தம்பி. நானே படிக்கறேன்.”

அவன் டாக்டரைப் பார்க்கவில்லை, ஒராசாவைப் பார்த்தான். அவள் சரி என்றாள். நர்ஸ் இடுக்கியை வாங்கி மொட்டின் முகத்துக்கு நேரே பிடித்தாள். பொடி எழுத்து. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பூவின் பெயர். குடும்பப் பெயர். தேதி. கடைசியில், ஒன்று.

“பான்யென்” என்று படித்தாள். “ஒண்ணே ஒண்ணுன்னு இருக்கு.”

“இப்ப ரெண்டு தட்டையும் மைக்ராஸ்கோப்ல காட்டுங்க” என்றாள் ஒராசா.

சுவரிலிருந்த திரை ஒளிர்ந்தது. முதலில் ஒரு தட்டு. ஓரத்தில் இரண்டு வட்டங்கள், ஜோடியாக. அடுத்தது, தன்யரத் என்று எழுதிய தட்டு. சாம்பல் நிறச் சொட்டுக்கு நடுவில், துணையில்லாமல், ஒரே ஒரு வட்டம். இத்தனை நாள் ஒன்றுதானே மிச்சம் என்று அழுத அந்த ஒன்று.

டாக்டர் பவின் நீளமாக மூச்சு விட்டார். “நான்தான் சொன்னேனே.”

“நீங்க சொன்னீங்க. இப்பத்தான் தெரிஞ்சுது” என்றாள் ஒராசா. “உறைய வெச்ச பேரைத் தட்டுல எழுதுங்க. நான் பக்கத்துல நிக்கறேன். மத்ததை நாம அப்புறம் பேசுவோம் டாக்டர், காபியோட.” பிறகு மொட்டைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் தயக்கம் தெரிந்தது. “புதுசா எழுதின தட்டு. அதனால...”

“மறுபடியும் சொல்லணும்” என்றாள் மொட்.

“மன்னிச்சுக்கோங்க.”

ஹெங் காதைப் பொத்தப் போனான். “கையை எடு” என்றாள் மொட். முழுப் பெயரையும் சொன்னாள். சம்பெங் சந்தில், சரக்கு வண்டிகளின் இரைச்சலுக்கு மேல், எதிர்க் கடைக்காரனுக்குக் கேட்கும்படி விலை சொல்கிற குரலில் சொன்னாள். தாழ்வாரத்தில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததாக நர்ஸ் பிறகு சொன்னாள்.

“பான்யென்” என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மெல்லிய குழாய், வயிற்றின் மேல் குளிர்ந்த கருவி, திரையில் கருமை, அதில் நட்சத்திரம் மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு வந்து நின்றது. நட் குழாயை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே எதுவும் மிஞ்சவில்லை என்றான். நர்ஸ் கால்களைத் தாங்கியிலிருந்து இறக்கினாள். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தபோது மொட்டுக்கு இந்த உலகமே கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

பிள்ளை தங்குமா தங்காதா என்பது இனிமேல்தான் தெரியும். அதற்குச் சட்டம் எதுவும் கிடையாது.

ஓய்வறையில் படுத்திருந்தபோது ஹெங் கையில் போனோடு உள்ளே வந்தான். கண்ணெல்லாம் பரபரப்பு. “ஜோசியர்கிட்டப் பேசிட்டேன். நடந்ததைச் சொன்னேன். திட்டினார். ஆனா பரிகாரம் இருக்காம். வேற ஒரு பேர் தர்றாராம், இதைவிட நல்ல பேர், நாளைக்கே போய் மாத்திடலாம். லைன்லதான் இருக்கார். பேசறியா?”

மொட் போனை வாங்கவில்லை.

“வேண்டாம்னு சொல்லு.”

“மொட், இது நம்ம பிள்ளையோட...”

“அதான் சொல்றேன். ரெண்டு தடவை என் பேரைக் கத்திச் சொல்லித்தான் அதை உள்ள கூப்பிட்டிருக்கேன். இப்ப போய் மாத்தினா அது யார் வயித்துல இருக்கோம்னு குழம்பிடும்” என்றாள் பான்யென்.